நிச் தேடிய ஏழு மாதங்கள்

அவனிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. முதல் இரண்டு பக்கங்களில் காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு. மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் ஆரம்பிக்கும். ஹெட்போன், கேமிங் நாற்காலி, புரோட்டீன் பவுடர், நாய் உணவு, மாடித் தோட்டம், பைக் ஹெல்மெட், மரப் பொம்மை, யோகா பாய்... இப்படி மொத்தம் 31 வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். அந்த டிக்கின் மேலேயே ஒரு பெருக்கல் குறி. சிலவற்றில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு டிக், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காஸ்ட் அக்கவுண்டிங்கில்கூட அவன் இவ்வளவு தடவை அடித்து எழுதியதில்லை.

கோவையில் பி.காம் கடைசி வருடம் படிக்கிறான். அஃபிலியேட் மார்க்கெட்டிங் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்து ஏழு மாதம் ஆகிறது. எதை வைத்துத் தொடங்குவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அந்த "எது" என்பதற்குத் தொழிலில் நிச் என்று பெயர். ஏதாவது ஒரு குறுகிய துறையைப் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டுமே எழுதி, அதைத் தேடி வருகிறவர்களைப் பிடிப்பது. "நிச் மட்டும் கிடைச்சிட்டா போதும்டா, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேன்டீனில் நண்பர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பார்கள்: "என்ன மாப்ள, நிச்... நிச்சயம் ஆச்சா?" :-)

அஃபிலியேட் மார்க்கெட்டிங் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. (தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.)

அடுத்தவர் பொருளை நாம் பரிந்துரைப்பது, நம் சுட்டி வழியாகப் போய் யாராவது வாங்கினால் அதில் நமக்கு ஒரு கமிஷன். அவ்வளவுதான். சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், கடை வாடகை இல்லை, பார்சல் கட்ட வேண்டாம். அமேசான் இந்தத் திட்டத்தை 1996 ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அப்போது அது புத்தகம் மட்டும் விற்ற கடை. தோட்டக்கலை பற்றித் தளம் நடத்துபவர் தோட்டக்கலைப் புத்தகத்தைப் பரிந்துரைப்பார், விற்றால் அவருக்கும் பங்கு. விஷயம் தெரிந்தவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஏழு மாதம் மறந்துபோனது இதைத்தான்.

சரி, அவன் எப்படித் தேடினான்? நோட்டின் நடுப்பக்கத்தில் மூன்று விதிகள் எழுதியிருக்கிறான். ஒன்று, நிறைய பேர் தேடும் பொருளாக இருக்க வேண்டும். இரண்டு, போட்டி குறைவாக இருக்க வேண்டும். மூன்று, கமிஷன் அதிகமாக இருக்க வேண்டும். படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நிறைய பேர் தேடி, நிறைய கமிஷனும் கிடைக்கும் இடத்தில் போட்டி எப்படிக் குறைவாக இருக்கும்? முதல் வருடம் எகனாமிக்ஸில் படித்த பாடம்தான். லாபம் இருக்கும் சந்தையில் கதவு திறந்திருந்தால் கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவன்தான் அவன். ஆனால் பாடம் வேறு, ஆசை வேறு.

ஹெட்போனில் ஏற்கெனவே பெரிய தளங்கள் உட்கார்ந்திருந்தன. கேமிங் நாற்காலியை அவன் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. புரோட்டீன் பவுடரைப் பற்றித் தப்பாக ஏதாவது எழுதி யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். நாய் உணவைப் பற்றி எழுதலாம் என்றால் வீட்டில் நாய் இல்லை. மாடித் தோட்டம் பிடித்திருந்தது, ஆனால் பத்து விதைப் பாக்கெட் விற்றாலும் ஒரு டீ செலவு தேறாது என்று கணக்கு சொன்னது.

படிக்கப் படிக்கப் பயம் வேறு கூடியது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் ஒரே அறிவிப்பில் மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கானதை 5-லிருந்து 1 ஆகவும் குறைத்தது. உழைத்துத் தளம் கட்டியவர்களுக்கு ஒரே நாளில் வருமானம் பாதிக்கும் கீழே போனது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது, பொருள் விமர்சனங்களை மட்டுமே நம்பியிருந்த பல சிறு தளங்களுக்கு வாசகர் வரத்தே குறைந்துபோனது. போதாததற்கு அமேசான் திட்டத்தில் சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கைத் திறந்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் கணக்கையே திறக்கவில்லை. நிச் முடிவாகாமல் டொமைனுக்குப் பெயர் வைக்க முடியாது. அதனால் டொமைனும் வாங்கவில்லை. ஏழு மாதத்தில் இந்தத் தொழிலுக்கு அவன் செய்த மொத்த முதலீடு அந்த நோட்டுதான்.

நஷ்டம் எதுவும் இல்லையே என்று தோன்றும். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு வாய்ப்புச் செலவு என்றால் என்னவென்று தெரியும். ஏழு மாதம், தினம் ராத்திரி இரண்டு மணி நேரம். நானூறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் டேலி ஒழுங்காகப் படித்திருக்கலாம். தூங்கியாவது இருக்கலாம்.

எட்டாவது மாதம் ஆரம்பிக்கும்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. லாபம் தரும் நிச்சை ஏழே நாளில் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் கோர்ஸ், 11,999 ரூபாய். அவனிடம் 14,500 ரூபாய் இருந்தது. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. பந்தி பந்தியாகச் சாம்பார் வாளி தூக்கியதில் வலது தோள் இன்னும் வலிக்கும். அந்தக் காசில்தான் லேப்டாப்புக்குப் புது பேட்டரி போட வேண்டும், கடைசி செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் கட்ட வேண்டும். இருந்தும் இரண்டு தடவை பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

அந்த நாட்களில் அவன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு அமெரிக்கரின் கதை. பேட் ஃப்ளின் என்று பெயர், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-ல் அவர் ஒரு போட்டி மாதிரி செய்து காட்டினார். மக்கள் என்ன வார்த்தைகளைத் தேடுகிறார்கள் என்று ஆராய்ந்து, செக்யூரிட்டி கார்டு பயிற்சி என்ற துறையைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்களில் அந்தத் தளத்தை கூகுளில் மேலே கொண்டுவந்தார். அவர் செக்யூரிட்டி வேலை பார்த்தவர் இல்லை. "பார்த்தியா, தெரியாத விஷயத்துல கூட ஆராய்ச்சி பண்ணினா ஜெயிக்கலாம்" என்பது அவன் வாதம்.

வாதம் தப்பில்லை. ஆனால் அதே மனிதரின் முதல் கதையை அவன் வேகமாகத் தாண்டிவிட்டான். பேட் ஃப்ளின் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். பசுமைக் கட்டடங்கள் பற்றிய லீட் என்ற தேர்வுக்குப் படிக்கும்போது, தனக்கு வசதியாக இருக்கட்டும் என்று குறிப்புகளை ஒரு தளத்தில் போட்டு வைத்தார். 2008-ல் வேலை போனது. அப்போது பார்த்தால், அந்தக் குறிப்புகளை ஏற்கெனவே ஆயிரக்கணக்கானவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதையே மின்நூலாக்கி விற்றார். அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான். அந்த நிச்சை அவர் தேடிப் போகவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அது அவர் மேஜை மேலேயே கிடந்தது.

மேஜை மேல் கிடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அவன் விஷயத்தில் மேஜை மேல் கிடந்தது கிரைண்டர்.

அவன் அப்பாவுக்குக் கணபதி பக்கம் ஒரு சின்னக் கடை. மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்றால் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், ஊர் பெயரோடுதான் அதற்கு மரியாதை. ஆனால் அவனைப் பொறுத்தவரை அது வீட்டுக்கு வந்தாலும் அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிரீஸ் வாடை, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து லீவு நாட்களில் கடையில் உட்கார்ந்தவன். பெல்ட் வழுக்கினால் வரும் சத்தத்துக்கும் புஷ் தேய்ந்தால் வரும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் முதலில் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். இதையெல்லாம் ஒரு அறிவு என்றே அவன் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

சொன்னது பிளஸ் ஒன் படிக்கும் தங்கச்சி. நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, "ஏண்ணா, 31 ஐட்டம் எழுதியிருக்கற, நம்ம கடைல இருக்கறது ஒண்ணுகூட இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி 32-வது வரி எழுதப்பட்டது: டேபிள் டாப் கிரைண்டர். ஐயாயிரம் ரூபாய் பொருள், நூற்றுக்கு நாலு கமிஷன் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 200 ரூபாய். மாதம் இருபது விற்றால் 4,000. வெளிநாட்டில் இட்லிக்கு ஏங்குகிறவர்கள் எத்தனை பேர்! மறுநாள் காலேஜ் விட்டதும் நேராகக் கடைக்குப் போனான்.

"ஏப்பா, இப்ப இருக்கறதுலயே பெஸ்ட் கிரைண்டர் எது?"

அப்பா டெஸ்டரைக் கீழே வைக்காமலே கேட்டார். "யாருக்கு கண்ணு?"

"பொதுவா சொல்லுங்க. டாப் ஃபைவ் சொன்னாப் போதும்."

"பொதுவான்னா எப்படிச் சொல்றது? ஊட்ல எத்தனை பேரு? தெனம் ஆட்றாங்களா, வாரத்துக்கு ஒருக்காவா? வயசானவங்க இருந்தா கல்லத் தூக்கிக் கழுவ முடியுமா? அதெல்லாந் தெரியாம என்னத்தச் சொல்றது?"

அவன் நோட்டில் எழுத வைத்திருந்த பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான். டாப் ஃபைவ் வரவில்லை. வந்தது ஒரு கிரைண்டர். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பையன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, இது சுத்தவே மாட்டீங்குது. பையன் புதுசு வாங்கிக்கலாம்ங்கறான். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா கவிழ்த்துப் போட்டுத் திறந்தார். பெல்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது. "புதுசெல்லாம் வேண்டாமுங்க்கா. பெல்ட்டுதான். கல்லு நல்லா இருக்குது, இன்னும் பல வருசம் ஓடும்." பெல்ட்டும் கூலியும் சேர்த்து 180 ரூபாய். அந்த அம்மா முகத்தில் ஐயாயிரம் மிச்சமான சந்தோஷம். அவன் மனதில் ஓடிய கணக்கு வேறு. நூற்றுக்கு நாலு, 200 ரூபாய் போச்சு.

சரி, அப்பா ரிப்பேர்க்காரர், ரிப்பேர் பண்ணச் சொல்வதில் அவருக்கும் லாபம்தானே என்று தோன்றுகிறதா? அவனுக்கும் தோன்றியது. ஆனால் அதே வாரம் இன்னொருவர் வந்தார். மோட்டார் காயில் எரிந்து, டிரம் அடியில் துருப்பிடித்து, கல்லும் தேய்ந்து போன ஒன்று. காயில் கட்டிக் கொடுத்தால் நல்ல கூலி கிடைத்திருக்கும். அப்பா, "இதுக்கு மேல காசு போடாதீங்க, வேஸ்ட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதை வாங்கலாம் என்று கேட்டதற்கு, வீட்டில் மூன்றே பேர் என்று தெரிந்துகொண்டு ஒரு மாடல் சொன்னார். அந்தக் கடைக்காரரிடம் கமிஷன் கேட்கலாமே என்று அவன் கேட்டான். அப்பா சொன்ன பதில் இது: "நாளைக்கு அது கெட்டுப்போனா அவரு அந்தக் கடைக்கா போவாரு? எங்கிட்டதான வருவாரு. எம் மூஞ்சியப் பாத்துத்தான கேப்பாரு."

இந்த இடத்தில் ஒரு சின்ன அக்கவுண்ட்ஸ் பாடம். பி.காம் நண்பர்களுக்குக் கன்சைன்மென்ட் கணக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் சரக்கை அனுப்புவார், ஏஜென்ட் விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொள்வார். கடனுக்கு வாங்கியவர் பணம் தராமல் ஓடிவிட்டால் அந்த வராக்கடன் அனுப்பியவர் தலையில். ஏஜென்டுக்குக் கவலை இல்லை. ஆனால் டெல் கிரெடரே கமிஷன் என்று ஒன்று கூடுதலாகக் கொடுத்தால், வராக்கடன் ஏஜென்ட் தலையில் விழும். "நான் சொல்லி விற்றேன், பணம் வரவில்லை என்றால் நான் பொறுப்பு" என்கிற ஒப்பந்தம். பரீட்சையில் ஒரு வரியை மாற்றிப் போட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகும் இடம் இது. எல்லோரும் தவறவிடுவோம்.

அவனுக்கு அந்தக் கணக்கு கிளாஸில் புரிந்ததைவிடக் கடையில் நன்றாகப் புரிந்தது. சட்டப்படி டெல் கிரெடரே என்பது பணத்துக்கான பொறுப்பு மட்டும்தான், பொருள் கெட்டுப்போவதற்கு அல்ல. ஆனாலும் அப்பா செய்வதற்கு வேறு பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அப்பா கமிஷனே வாங்காத டெல் கிரெடரே ஏஜென்ட். அவர் சொல்லி வாங்கியது கெட்டால் அது அவர் கடை வாசலுக்குத்தான் திரும்பி வரும். அவன் ஆகப் பார்த்தது சாதாரண ஏஜென்ட். சொடுக்கியவர் வாங்கினால் 200 ரூபாய். அந்தக் கிரைண்டர் மூன்றாம் மாதம் நின்றுபோனாலும் அவன் வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை. வாசலே கிடையாதே!

ஏழு மாதமும் 31 பொருள்களை எழுதி அடித்தது ஏன் என்று அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. போட்டி, கமிஷன் என்பதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். எந்தப் பொருளை எழுதினாலும் உள்ளுக்குள் ஒரு குரல் "உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறது. அதற்குப் பதில் இல்லாததால்தான் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. அந்தக் கேள்வியை 11,999 ரூபாய் கோர்ஸ் தீர்க்காது. எந்தப் பொருளை மக்கள் தேடுகிறார்கள் என்று அது காட்டலாம். நம்மை எதற்காக நம்ப வேண்டும் என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

கோர்ஸ் வாங்கவில்லை. எக்ஸாம் ஃபீஸ் கட்டிவிட்டான்.

பிறகு ஒன்பது நாள் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினான். தலைப்பு: "கிரைண்டர் சுற்றவில்லையா? புதுசு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை". பெல்ட், கெபாசிட்டர், புஷ், காயில் என்று வரிசையாக. எது வந்தால் ரிப்பேர், எது வந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று கடைசியில். அங்கே மட்டும், புதிதாக வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கு, வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து இரண்டு மாடல். அதற்கு மேலே, இந்தச் சுட்டி வழியாக வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் என்று ஒரு வரி. இது நல்ல மனசுக்காக மட்டும் போட்டதில்லை. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இதற்கு விதிமுறை கொண்டுவந்துவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தெளிவாகச் சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை மறைக்கக் கூடாது.

அப்பாவிடம் படித்துக் காட்டினான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பெல்ட்டு மாத்துனா மூணு வருசம் வரும்னு போட்டிருக்கற. கழுவறப்ப உள்ள தண்ணி போச்சுன்னா மூணு மாசங்கூட வராது. அதையும் எழுது சாமி. இல்லீன்னா உன்னைத்தான் திட்டுவாங்க."

எழுதினான்.

இதை வைத்து அவன் லட்சாதிபதி ஆகிவிட்டான் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. "வாங்காதீர்கள்" என்று பாதிக் கட்டுரையில் சொல்பவனுக்குக் கமிஷன் எவ்வளவு வரும் என்பது அவனுக்கே சந்தேகம். 180 நாளில் மூன்று விற்பனை நடக்குமா என்பதும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்தவில்லை. டொமைன் மட்டும் வாங்கிவிட்டான். மிக்ஸி ஜார் லீக் ஆவது பற்றி இரண்டாவது கட்டுரை பாதியில் நிற்கிறது. அமேசான் கணக்கு, மூன்று கட்டுரை முடிந்த பிறகுதானாம்.

நோட்டில் ஒரு மாற்றம். தேடல் எண்ணிக்கை, போட்டி, கமிஷன் என்று இருந்த மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று போட்டிருக்கிறான்: "கெட்டுப்போனால் யாரிடம் வருவார்கள்?" முதல் 31 வரிகளுக்கும் அந்தக் கட்டம் காலி. உங்களில் யாராவது இதே மாதிரி ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தால், இந்தக் கட்டத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிறைய வரிகள் தானாக அடிபட்டுவிடும், நேரம் மிச்சம்.

கேன்டீனில் மட்டும் விசாரிப்பு நின்றபாடில்லை. "என்ன மாப்ள, நிச்சயம் ஆச்சா?"

"பேச்சு நடக்குதுடா" என்கிறான் இப்போது. "பொருள் நம்ம வீட்டுலயே இருந்துச்சு."